பூட்ஸ் போட்ட பூனையும் ஓஹோ புரொடக்‌ஷன்ஸும்

‘காதலிக்க நேரமில்லை’ன்னு சொன்னதும் உங்கள்ல பல பேருக்கு 2025 பொங்கலுக்கு வந்த படம்தான் ஞாபகம் வரும். கிருத்திகா உதயநிதி இயக்கம், ரவி மோகன், நித்யா மேனன், ஏ.ஆர். ரஹ்மான் இசை. இன்னிக்குப் பேசப்போறது அது இல்லை. அந்தப் பேரோட முதல் சொந்தக்காரர். 1964 பிப்ரவரி 27-ம் தேதி ரிலீஸ் ஆன, ஸ்ரீதரோட ‘காதலிக்க நேரமில்லை’.

இந்தப் படத்தை நான் தேவதைக் கதையா பார்க்கிறேன். அப்படிச் சொன்னா சிரிப்பீங்க. இதுல ராஜா இல்லை, ராட்சசன் இல்லை, மந்திரக்கோலும் இல்லை. எஸ்டேட் முதலாளி, ஜீப், கூடாரம், ஒட்டுத்தாடி, இவ்வளவுதான். ஆனா கதையோட எலும்புக்கூட்டை மட்டும் எடுத்து வெச்சுப் பாருங்க. ஏழைப் பையன் ஒருத்தனுக்குப் பெரிய இடத்துப் பொண்ணு மேல ஆசை. அவனுக்கு ஒரு தோழன். அந்தத் தோழன் வாயாலயே பணக்காரன் ஆயிடறான் ஏழைப் பையன். பொண்ணோட அப்பா நம்பிடறார். பொய் வளர்ந்து வளர்ந்து ஒரு மாளிகை அளவுக்கு வந்து நிக்குது.

இது பூட்ஸ் போட்ட பூனையோட கதை.

குழந்தையா இருக்கும்போது கேட்டிருப்பீங்க. சார்ல் பெர்ரோன்னு ஒரு ஃபிரெஞ்சுக்காரர் 1697-ல பாரிஸ்ல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். சிண்ட்ரெல்லா, தூங்கும் அழகி, சிவப்புத் தொப்பிக்காரி எல்லாம் அந்த ஒரே புத்தகத்துல இருக்கு. அதுலதான் இந்தப் பூனையும் வருது. மாவு மில்லுக்காரர் செத்துப்போறார். மூத்தவனுக்கு மில், ரெண்டாவது பையனுக்குக் கழுதை, கடைக்குட்டிக்கு வெறும் பூனை. அந்தப் பூனை, “எனக்கு ஒரு ஜோடி பூட்ஸும் ஒரு சாக்கும் குடு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்”ங்குது. முயல் பிடிச்சுக் கொண்டுபோய் ராஜாகிட்ட குடுத்து, “இது எங்க காரபாஸ் பிரபு அனுப்பினது”ன்னு சொல்லுது. அப்படி ஒரு பிரபுவே கிடையாது. அப்புறம் பையனை ஆத்துல இறங்கிக் குளிக்கச் சொல்லிட்டு, “ஐயோ, எங்க பிரபுவோட துணியைத் திருடிட்டாங்க”ன்னு கத்துது. ராஜா தன்னோட உடுப்பையே குடுக்கறார். வழியில அறுவடை பண்ற ஆட்களை மிரட்டி, “இந்த நிலமெல்லாம் காரபாஸ் பிரபுவோடதுன்னு சொல்லணும்”ங்குது. கடைசில ஒரு ராட்சசனைப் பேச்சுல மயக்கி, எலியா மாறச் சொல்லி, கபால்னு விழுங்கிட்டு அவன் கோட்டையையே எஜமானுக்கு எழுதி வெச்சிடுது.

கவனிச்சீங்கன்னா, பையன் இதுல ஒண்ணுமே பண்ணலை. குளிக்கறான், அவ்வளவுதான். உழைப்பு முழுக்க பூனையோடது.

இப்போ சின்னமலை எஸ்டேட்டுக்கு வாங்க. விஸ்வநாதன்னு ஒரு பணக்காரர். டி.எஸ். பாலையா. அவருக்கு ரெண்டு பொண்ணு, ஒரு பையன். பொண்ணுங்க மெட்ராஸ்ல படிச்சு முடிச்சு வர்றாங்க. எஸ்டேட்டுல வேலை பார்த்த அசோக் (ரவிச்சந்திரன்) இளைய பொண்ணு நிர்மலாவோட (ராஜஸ்ரீ) மோதி வேலையை இழக்கறான். வீட்டு வாசல்லயே கூடாரம் போட்டு, ஆட்களைச் சேர்த்துக்கிட்டு, பாட்டுப் பாடி வேலை கேட்டுப் போராடறான். மோதல் காதல் ஆகுது. முதலாளி ஒத்துக்கணுமே? “நான் கோடீஸ்வரர் சிதம்பரத்தோட பையன்”னு ஒரு பொய். அந்தச் சிதம்பரமா வேஷம் போட்டு வர்றதுக்கு நண்பன் வாசு (முத்துராமன்). ஒட்டுத்தாடி, கோட்டு, கைத்தடி, கிழட்டு இருமல். வாசுதான் பூனை.

ஸ்ரீதரும் கோபுவும் பெர்ரோவைப் படிச்சுட்டு எழுதினாங்கன்னு நான் சொல்ல வரலை. அது தேவையும் இல்லை. இந்தக் கதை நம்ம ஊர்ல ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு. 1883-ல லால் பிஹாரி தே வெளியிட்ட வங்காளக் கதைத் தொகுப்புல பூனைக்குப் பதிலா ஒரு நரி, ஏழை நெசவாளிக்கு ராஜகுமாரியைக் கட்டி வைக்குது. அதைவிடப் பழசு பஞ்சதந்திரம். அங்கேயும் ஒரு நெசவாளி. ராஜகுமாரியைப் பார்த்து மயங்கிப் படுத்துட்டான். அவனோட நண்பன் தேர் செய்யற தச்சன். மரத்துல ஒரு கருடனைச் செஞ்சு, பறக்கற மாதிரி விசை வெச்சு, சங்கு சக்கரம் எல்லாம் குடுத்து, “போ, நீதான் பெருமாள்”னு அனுப்பி வைக்கறான். அவள் நம்பிட்டா. அவளோட அப்பாவும் நம்பிட்டார். மாப்பிள்ளை சாட்சாத் நாராயணன்னு தெரிஞ்சதும் ராஜாவுக்குத் தலைகால் புரியலை. பக்கத்து நாட்டு ராஜாக்களை எல்லாம் சீண்ட ஆரம்பிச்சிடறார். அவங்க படை திரட்டி வந்துடறாங்க. “மாப்பிள்ளை, கொஞ்சம் பாத்துக்கோங்க”ன்னு மகள் மூலமா சொல்லி அனுப்பறார். நெசவாளி சாகறதுக்குத் தயாராகிட்டான். அப்போ வைகுண்டத்துல நிஜப் பெருமாள் யோசிக்கறார். இவன் தோத்தா என் பேர்ல தோத்தது மாதிரி ஆயிடும், அப்புறம் எவன் என்னைக் கும்பிடுவான்? அவனுக்குள்ள புகுந்து சண்டையை ஜெயிச்சுக் குடுக்கறார்.

ஒருத்தனோட காதல் பொய்யைக் காப்பாத்த கடவுளே மானத்துக்குப் பயந்து இறங்கி வர்றார். உலகத்துல இதைவிட நல்ல ரொமான்டிக் காமெடி க்ளைமாக்ஸ் எனக்குத் தெரியலை.

அந்த ராஜாவைப் பாலையாவா நினைச்சுப் பாருங்க. நேத்து வரைக்கும் வேலையை விட்டுத் துரத்தின பையன், இன்னிக்குக் கோடீஸ்வரன் மகன்னு தெரிஞ்சதும் அந்த உடம்பு எப்படிக் குழையுது! குரல்ல தேன் வடியுது, முதுகு தானா வளையுது. 1936-ல ‘சதி லீலாவதி’யில எம்.ஜி.ஆரோட சேர்ந்து சினிமாவுக்கு வந்தவர் பாலையா. வில்லனா ஊரையே மிரட்டினவர். அவர் வில்லத்தனத்தை விடாமலே இதுல காமெடி பண்றார். பணத்தைப் பார்த்தா மனுஷன் மாறுவான்னு காட்ட அவருக்கு வசனமே வேண்டாம். புருவமும் மோவாயும் போதும்.

சரி, இந்தப் படத்தை எப்படி எடுத்தாங்க? இதுலதான் ‘இன்டிபென்டன்ட்’ங்கற வார்த்தை வருது.

சென்னையில இண்டி சினிமான்னு பேச்சு வந்தா நாம உடனே 1978-க்குப் போயிடறோம். அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டுல படிச்ச ருத்ரய்யா எடுத்த ‘அவள் அப்படித்தான்’. நியாயம்தான். ஆனா எனக்கு அதுக்கும் முன்னாடி ஒரு கதை இருக்குன்னு தோணுது. ஐம்பதுகள்ல மெட்ராஸ் சினிமான்னா ஸ்டூடியோ. ஜெமினி, ஏவி.எம்., விஜயா-வாஹினி, சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ். சொந்தத் தளம், சொந்த கேமரா, மாசச் சம்பளத்துக்கு ஆட்கள், வாசல்ல கூர்க்கா. கதையை முதலாளி தீர்மானிப்பார். ஸ்டூடியோ இல்லாதவன் தளத்தை வாடகைக்கு எடுத்து, விநியோகஸ்தர்கிட்ட முன்பணம் வாங்கி, வட்டிக்குக் கடன் வாங்கி எடுக்கணும். படம் ஓடலைன்னா வீடு போயிடும். இது உருவகம் இல்லை, தி. நகர்ல அப்படிக் கைமாறின வீடுகளோட கதை எந்தப் பழைய சினிமாக்காரரைக் கேட்டாலும் கிடைக்கும்.

ஸ்ரீதர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். 1933-ல பிறந்தவர். அவர் எழுதின ‘ரத்த பாசம்’ நாடகத்தை டி.கே.எஸ். சகோதரர்கள் மேடை ஏத்தினாங்க, 1954-ல அது படமாவும் வந்துச்சு. அப்போ அவருக்கு இருபது இருபத்தொண்ணு வயசு. அப்புறம் வீனஸ் பிக்சர்ஸ்ல பங்குதாரர். ‘அமர தீபம்’, ‘உத்தம புத்திரன்’ எழுதினார். 1959-ல ‘கல்யாணப் பரிசு’ மூலமா டைரக்டர் ஆனார். வீனஸை விட்டு வெளியே வந்து ‘சித்ராலயா’ன்னு சொந்தக் கம்பெனி. முதல் படம் 1961-ல ‘தேன் நிலவு’, காஷ்மீர்ல போய் எடுத்தது. அடுத்த வருஷம் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, காஷ்மீருக்கு நேர் எதிரா, ஒரே ஆஸ்பத்திரி செட்டுக்குள்ள கிட்டத்தட்ட முழுப் படமும். காசு இருந்தா எப்படி எடுக்கறது, இல்லைன்னா எப்படி எடுக்கறதுன்னு ரெண்டையும் பழகிட்டார்.

கூடவே பள்ளிக்கூடத் தோழர் சடகோபன். நமக்கு ‘சித்ராலயா’ கோபு. கம்பெனியோட பேரே மனுஷனுக்கு முன்னால ஒட்டிக்கிச்சு. ஸ்கூல் நாடகத்துலயே சீரியஸ் பகுதி ஸ்ரீதருக்கு, சிரிப்பு கோபுவுக்குன்னு பாகம் பிரிச்சுக்கிட்டவங்க. ‘கல்யாணப் பரிசு’ அழவைக்கற படம். அதுக்கு நடுவுல தங்கவேலு ‘மன்னார் அண்ட் கம்பெனி’யில வேலை பார்க்கறதா வீட்டுல கதை விட்டுக்கிட்டு திரிவாரே, ஞாபகம் இருக்கா? யூடியூப்ல தேடுங்க. இல்லாத கம்பெனி, இல்லாத வேலை. காரபாஸ் பிரபு அங்கேயே வந்துட்டார்.

அழுகாச்சிப் படங்களுக்குப் பேர்போன ஸ்ரீதர்கிட்ட, முழுக்க முழுக்கச் சிரிப்புப் படம் ஒண்ணு பண்ணலாமேன்னு கிளப்பினவர் கோபு. ஸ்ரீதர் முதல்ல தயங்கினார். நியாயமான தயக்கம். ஜனங்க அழறதுக்குத்தானே அவர் படத்துக்கு வந்தாங்க? அதை விட்டுட்டு வேற வாசல் வழியா வர்றது பெரிய ரிஸ்க். அந்த ரிஸ்க் போதாதுன்னு படத்தைக் கலர்ல எடுக்கறதா முடிவு பண்ணினாங்க.

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா நிக்கணும். ஏன்னா இன்னிக்கு நமக்குக் கலர்ங்கறது ஒரு முடிவே இல்லை, ஃபோனை எடுத்தா கலர். தமிழ்ல அதுக்கு முன்னாடி முழுக்கக் கலர்ல வந்த படங்களைப் பாருங்க. 1956-ல ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. 1959-ல ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. 1962-ல ‘கொஞ்சும் சலங்கை’. 1964 பொங்கலுக்கு ‘கர்ணன்’. ஒண்ணு அரபுக் கதை, மத்ததெல்லாம் ராஜா காலம், புராணம். கலர்ங்கறது கிரீடத்துக்கும் பட்டுக்கும் அரண்மனைத் தூணுக்கும்தான்னு எல்லாரும் நினைச்சாங்க. வேட்டி சட்டை போட்டு ஆபீஸ் போறவனுக்குக் கறுப்பு வெள்ளை போதும். அந்தக் காலத்துல ஃபிலிம் சுருளே வெளிநாட்டுல இருந்து இறக்குமதி ஆகணும். ஊட்டியில இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கினது 1967-லதான். கலர் சுருள் இன்னும் விலை. அவ்வளவு விலை குடுத்து வாங்கினதை யார் ஒரு எஸ்டேட் வீட்டு வராந்தாவுக்குச் செலவு பண்ணுவாங்க?

‘கர்ணன்’ ரிலீஸ் ஆகி ஆறு வாரம் கழிச்சு ‘காதலிக்க நேரமில்லை’ வந்துச்சு. ரெண்டும் ஈஸ்ட்மென் கலர். ரெண்டுக்கும் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, ரெண்டுக்கும் கண்ணதாசன் பாட்டு. ஒண்ணுல குருக்ஷேத்திரம், ரதம், சேனை. இன்னொண்ணுல மெரினா மணல், கல்லூரிப் பொண்ணு, சூட்கேஸ். ராஜகுமாரிக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்த நிறத்தைத் தூக்கி மெட்ராஸ் காலேஜ் பொண்ணோட புடவைக்குக் குடுத்துட்டாங்க. என்னைக் கேட்டா, இந்தப் படம் தேவதைக் கதை ஆனது கதையால மட்டும் இல்லை, இந்தக் கலராலயும்தான்.

கலருக்குப் போன காசை வேற எங்கேயாவது பிடிக்கணுமே? நடிகர்கள்ல பிடிச்சாங்க. எம்.ஜி.ஆர். இல்லை, சிவாஜி இல்லை, ஜெமினி இல்லை. ஹீரோ ரவிச்சந்திரன் புதுமுகம், மலேசியாவுல இருந்து படிக்கறதுக்காகத் திருச்சிக்கு வந்த பையன், ராமன்னு பேர். ஸ்ரீதர்தான் பேரை மாத்தினார். மூத்த பொண்ணா வர்ற காஞ்சனா, நிஜப் பேர் வசுந்தரா தேவி, விமானப் பணிப்பெண்ணா இருந்தவர். சச்சு குழந்தை நட்சத்திரமா இருந்து, 1962-ல ‘வீரத்திருமகன்’ல கதாநாயகியே ஆனவர். அவரைக் காமெடி ஜோடியா நடிக்கக் கூப்பிட்டா எப்படி இருக்கும்? ஹீரோயின் ஆனவங்க ஒரு தடவை காமெடிப் பக்கம் போனா திரும்பி வர முடியாதுங்கறது கோடம்பாக்கத்து விதி. தயங்கித்தான் ஒத்துக்கிட்டார். இன்னிக்கும் அவர் பேரைச் சொன்னா முதல்ல இந்தப் படம்தான் வருது.

லொக்கேஷனும் பெருசா ஒண்ணும் இல்லை. கதைப்படி சின்னமலை. எடுத்தது பொள்ளாச்சி பக்கத்துல ஆழியாறு. அறுபதுகள்ல பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் நடந்துக்கிட்டிருந்த காலம். அணைக்கட்டுப் பக்கத்துல இருக்கற விருந்தினர் மாளிகைதான் விஸ்வநாதனோட பங்களா. ராஜா அரண்மனைக்குப் பதிலா அரசாங்க கெஸ்ட் ஹவுஸ்! இன்னிக்கும் டாப் ஸ்லிப், வால்பாறைன்னு கிளம்பற கூட்டம் அங்க வண்டியை நிறுத்தி ஃபோட்டோ எடுக்குது. கேமரா ஏ. வின்சென்ட். அதே 1964-ல அவர் மலையாளத்துல பஷீர் எழுதின ‘பார்கவி நிலையம்’ங்கற பேய்ப் படத்தை டைரக்ட் பண்ணினார். ஒரு வருஷத்துல ஒரு கையால ஆழியாறு வெயில், இன்னொரு கையால பேய் வீட்டு இருட்டு.

பேய்னு சொன்னதும் நாகேஷுக்கு வந்தாகணும்.

விஸ்வநாதனோட பையன் செல்லப்பா. சினிமா எடுக்கணும்னு வெறி. கம்பெனிக்குப் பேர் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’. போர்டு இருக்கு, டைரக்டர் இருக்கார், ஹீரோயினா எஸ்டேட் மேனேஜர் பொண்ணு இருக்கா. இல்லாதது ரெண்டே ரெண்டு: பணமும் கதையும். சுதந்திரமா படம் எடுக்க வந்த ஒரு கம்பெனி, தன்னோட படத்துக்குள்ளயே தன்னைக் கிண்டல் பண்ணிக்குது. சித்ராலயாவுக்கும் ஓஹோவுக்கும் நடுவுல தூரம் எவ்வளவு? ஒரு படம் ஊத்திக்கிட்டா அவ்வளவுதான் தூரம். அப்பாகிட்ட காசு கேட்கற செல்லப்பாவும், ஃபைனான்ஸியர்கிட்ட கதை சொல்ற ஸ்ரீதரும் ஒரே நாற்காலியோட ரெண்டு முனை.

அதான் அந்தக் கதை சொல்ற சீன் அவ்வளவு நல்லா வந்திருக்குன்னு நினைக்கறேன். செல்லப்பா அப்பாவை உட்கார வெச்சு ஒரு திகில் கதை சொல்றான். கதவுச் சத்தம், காலடிச் சத்தம் எல்லாம் வாயாலயே. பாலையா முதல்ல அலட்சியமா கேட்கறார், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நாற்காலிக்குள்ள சுருங்கறார். செட் இல்லை, லைட் மாத்தலை, எஃபெக்ட் இல்லை. ரெண்டு நடிகர், ஒரு அறை. பணமே இல்லாம ஒரு படத்தை எதிராளியோட தலைக்குள்ள எடுத்துக் காட்டறது அது. பிட்ச் பண்ற எல்லா உதவி இயக்குநர்களுக்கும் இந்த சீன்ல தங்களைத் தெரியும். ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்ரீதரே இந்தியில ‘ப்யார் கியே ஜா’ எடுத்தப்போ மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் இதே சீனைப் பண்ணினாங்க. அதையும் பாருங்க. நல்லாத்தான் இருக்கும். ஆனா பாலையாவோட கண்ணு வேற.

நாகேஷும் நாடக மேடையில இருந்து வந்தவர்தான். ரயில்வே குமாஸ்தா, சபா நாடகம், தி. நகர் ‘கிளப் ஹவுஸ்’ல வாலி, ஸ்ரீகாந்த் மாதிரி ஆட்களோட அறை வாழ்க்கை. அப்போ மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் சாயங்காலம் ஆபீஸ் முடிச்சுட்டு நாடகம் போடற கூட்டம் ஒண்ணு இருந்துச்சு. கதவு திறந்து மூடற வேகத்துல ஜோக் விழுற, ஆள்மாறாட்டமே உயிரா இருக்கற நாடகங்கள். அந்த மேடையில செட் ஒரு சோஃபா, ஒரு டெலிஃபோன், அவ்வளவுதான். கோபுவோட தாளம் அங்கே இருந்து வந்தது, திரும்ப அங்கேயே போச்சு. சபா நாடகமா ஓடி, 1972-ல அவரே படமா இயக்கின ‘காசேதான் கடவுளடா’வைப் பாருங்க. அதுலயும் முத்துராமன். அதுலயும் ஒரு நண்பன் வேஷம் போடறான், இந்தத் தடவை கோடீஸ்வரன் இல்லை, போலிச் சாமியார். அந்தத் தேங்காய் சீனிவாசன் இன்னொரு பூனை. ‘தில்லு முல்லு’, ‘மைக்கேல் மதன காமராஜன்’, ‘காதலா காதலா’ன்னு அந்த வம்சம் பின்னால நீண்டுக்கிட்டே போகுது.

இப்போ நான் ரொம்ப நாளா மண்டையில போட்டு உருட்டிக்கிட்டிருக்கற விஷயம். பூனைக்கு என்ன ஆச்சு?

பெர்ரோ ஒரு வரியில முடிச்சிடறார்: பூனையும் பெரிய மனுஷன் ஆயிடுச்சு, பொழுதுபோக்குக்கு மட்டும் எலி பிடிச்சது. ஆனா பெர்ரோவுக்கு அறுபது வருஷம் முன்னாடி நேப்பிள்ஸ்ல பசீலேன்னு ஒருத்தர் இதே கதையை எழுதியிருக்கார். அதுல அது பெண் பூனை. கல்யாணம் முடிஞ்சதும் எஜமான் உருகறான்: “நீ செத்தாலும் உன்னைத் தங்கக் கூண்டுல வெச்சு என் அறையிலயே காப்பாத்துவேன்.” பூனை புத்திசாலி. மூணு நாள் கழிச்சுச் செத்த மாதிரி படுத்துக்குது. பொண்டாட்டி பதறிப்போய்ச் சொல்றா. அவன், “காலைப் பிடிச்சு ஜன்னல் வழியா வீசு”ங்கறான். பூனை எழுந்து, நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு, அந்த வீட்டை விட்டே போயிடுது.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன், தி. நகர்ல மேன்ஷன் ரூம். கான்ட்ராக்ட் வேலை. பொண்ணு வீட்டுல பெர்மனென்டான்னு கேட்டாங்க. ரூம்மேட் ஃபோன்ல மேனேஜர் ஆனான். குரலைத் தாழ்த்தி, இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசி, “ரொம்ப நல்ல பையன் சார், அடுத்த வருஷம் டீம் லீட்”னு சொன்னான். பொண்ணோட அப்பா ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டார். கல்யாணம் முடிவாச்சு. நிஜமாவே அடுத்த வருஷம் வேலையும் பெர்மனென்ட் ஆச்சு, பெருமாள் புண்ணியம். ஆனா கல்யாணத்துக்கு அந்த ரூம்மேட்டைக் கூப்பிடலை. கூப்பிட முடியாதே! அந்தக் குரல் மாமனாருக்குத் தெரியும். ஏழு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டவன் அன்னிக்கு ரூம்ல தனியா இருந்தான். இந்தக் கதையை எனக்குச் சொன்னது மாப்பிள்ளை இல்லை, அந்த ரூம்மேட். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.

காரபாஸ் பிரபுன்னா யாருன்னு நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேட்ரிமோனி ப்ரொஃபைல்ல ‘சொந்த வீடு’ன்னு டிக் அடிக்கறவங்க எல்லாரும் அவர்தான். அதுக்குப் பின்னால ஒரு பூனை வேலை செஞ்சிருக்கும். சித்தப்பா, ரூம்மேட், ஆபீஸ் சீனியர்.

ஸ்ரீதரும் கோபுவும் இந்தப் பூனையை ஜன்னல் வழியா வீசலை. பூனைக்கே ஒரு காதலைக் குடுத்துட்டாங்க. வாசு வேஷம் கட்டிக்கிட்டு வந்து பார்த்தா, விஸ்வநாதனோட மூத்த பொண்ணு காஞ்சனா. மெட்ராஸ்ல அவன் காதலிச்ச அதே பொண்ணு! இப்போ அவன் அவளுக்கு முன்னாடி நரைமுடியோட இருமிக்கிட்டு நிக்கணும். நண்பனோட பொய்க்காகத் தன் காதலைத் தாடிக்குள்ள ஒளிச்சு வெக்கணும். முத்துராமன் இதை நடிக்கறதுல ஒரு அழகு இருக்கு. கிழவனா பேசிக்கிட்டே இருக்கும்போது கண்ணு மட்டும் இளைஞனோடது, அது காஞ்சனா போற பக்கமே போயிக்கிட்டு இருக்கும். அதுக்கு மேல ஒரு திருகல்: ஏழைக்காகப் பணக்காரன் வேஷம் போட்ட வாசு நிஜத்துலயே பணக்கார வீட்டுப் பையன். அவன் அப்பா விஸ்வநாதனோட பழைய நண்பர். உண்மையைச் சொல்லியிருந்தா இவனுக்கு நேரா கல்யாணம் நடந்திருக்கும். பொய் சொன்னதாலதான் மாட்டிக்கிட்டான்.

இதுல எனக்கு ஒரு குறையும் உண்டு. பொண்ணுங்க ரெண்டு பேரும் இந்தப் பொய்யில பங்குதாரரா ஆகவே இல்லை. நிர்மலா கோபப்படறா, அப்புறம் காதலிக்கறா. காஞ்சனா காத்திருக்கா. திட்டம் போடறது முழுக்க ஆம்பளைங்க வேலை. ராஜகுமாரியை ராஜகுமாரியாவே விட்டுட்டாங்க. சச்சுவோட மீனாட்சி ஒருத்திதான் சொந்தமா எதையோ ஆசைப்படறா, சினிமாவுல நடிக்கணும்னு. அதனாலயோ என்னவோ, இன்னிக்குப் பார்க்கும்போது அவதான் நம்ம காலத்துப் பொண்ணு மாதிரி தெரியறா.

படம் வெள்ளி விழா கண்டுச்சு. தெலுங்குல 1965-ல ‘பிரேமிஞ்சி சூடு’, இந்தியில 1966. ஸ்ரீதர் மறுபடியும் புதுமுகங்களை நம்பி 1965-ல ‘வெண்ணிற ஆடை’ எடுத்தார். ஜெயலலிதா தமிழ்ல அறிமுகமான படம். அப்புறம் கம்பெனி பெருசாச்சு, படமும் பெருசாச்சு. 1969-ல ‘சிவந்த மண்’ணுக்காக யூரோப் வரைக்கும் போனாங்க. அதையே இந்தியில ‘தர்த்தி’யா எடுத்தது கை குடுக்கலை. கடன் ஏறிச்சு. பெரிய ஸ்டார் இல்லாமலே ஜெயிச்சுக் காட்டினவர், கடைசில 1974-ல ‘உரிமைக்குரல்’ மூலமா எம்.ஜி.ஆர். கை குடுத்துத்தான் எழுந்தார். 2008-ல காலமானார்.

நம்ம தி. நகர்லயே இந்தப் படத்தோட ஒரு மிச்சம் இருக்கு. ஜி.என். செட்டி ரோட்டுல திருமலை திருப்பதி தேவஸ்தானத்தோட பத்மாவதி தாயார் கோயில், 2023 மார்ச்சுல கும்பாபிஷேகம் ஆனது. அந்த நிலம் நடிகை காஞ்சனாவோடது. படத்துல அப்பா சொத்துக்கு ஏத்த மாப்பிள்ளை தேடின அதே காஞ்சனா. நிஜத்துல அவர் கல்யாணமே பண்ணிக்கலை. தன் சம்பாத்தியத்துல வந்த அந்தச் சொத்து நீண்ட வழக்குக்கு அப்புறம் கைக்குக் கிடைச்சதும், 2010-ல தங்கச்சியோட சேர்ந்து தேவஸ்தானத்துக்கு எழுதி வெச்சுட்டார். பாண்டி பஜார்ல ஷாப்பிங் முடிச்சுட்டு அந்தப் பக்கம் போனா எட்டிப் பாருங்க. சாயங்காலம் கூட்டம் ஜாஸ்தி, காலையில போறது நல்லது.

அடுத்த எபிசோடு இதே 1964-ல இருந்துதான். நாகேஷை நடுவுல நிக்க வெச்ச ‘சர்வர் சுந்தரம்’. அதுக்கு முன்னாடி அந்தக் கதை சொல்ற சீனை ஒரு தடவை ஹெட்ஃபோன் போட்டு, படத்தைப் பார்க்காம காதால மட்டும் கேட்டுட்டு வாங்க.